புதுசு சார் வைத்த பன்னிரண்டு மரங்கள்

புதுசு சார் வீட்டு முன்னறையில் ஒரு சோபா இருக்கிறது. வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இன்றுவரை அதன் துணியை ஒருவரும் தொட்டதில்லை. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே மேலே கிடக்கிறது. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒரு சத்தம் கேட்கும். வந்தவர்கள், அது தாங்கள் போட்ட சத்தம் இல்லை என்று காட்ட இன்னொரு முறை உட்கார்ந்து எழுவார்கள். டிவி ரிமோட்டும் உறைக்குள்தான். உறை பழுத்து மஞ்சளாகி, எந்தப் பொத்தான் எது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே ரிமோட் புத்தம் புதிது. அதில் அவருக்கு ஒரு நிம்மதி.

அவர் பஸ் டெப்போவில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். பிரேக் இல்லாமல் பஸ் ஷெட்டில் நிற்கும். பிரேக் பெட்டி பிரிக்காமல் இவர் அலமாரியில் இருக்கும். மெக்கானிக் வந்து கெஞ்சினால், "இதையும் எடுத்துக் கொடுத்துட்டா அப்புறம் ஸ்டோர்ல என்னய்யா இருக்கும்?" என்று கேட்பார். அவர் ஓய்வு பெற்ற நாளில் அலமாரிகள் நிறைந்திருந்தன. பாதிச் சாமான்கள், எப்போதோ உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்ட பஸ்களுக்கானவை. மெக்கானிக்குகள் சேர்ந்து ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். அது இன்னும் பெட்டிக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது நின்றுவிட்டது. புதுசு சார் என்ற பெயரையும் அவர்கள்தான் வைத்தார்கள். அதை மட்டும் தெருவே எடுத்துப் புழங்குகிறது.

அவர் தம் வாழ்க்கையில் முதல் நாளே பிரித்து, மிச்சம் வைக்காமல் உபயோகித்த பொருள் ஒன்றே ஒன்று, மனைவி.

அந்த அம்மாளை வார்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருடம் ஆயா வேலை. படுத்திருப்பவரைப் புரட்டுவது, துடைப்பது, விரிப்பு மாற்றுவது, புண்ணைக் கழுவுவது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அதே மாதம் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி மாறியதே தவிர வேலை மாறவில்லை. முன்பு வார்டில் முப்பது பேர், இப்போது ஒருவர். ஆனால் அந்த முப்பது பேருக்கும் சேர்த்து இவ்வளவு வாய் இருந்ததில்லை.

மாமியார் படுத்ததும் புதுசு சார் தாராளமாக ஒரு நல்ல மெத்தை வாங்கி வந்தார். பிளாஸ்டிக்கைப் பிரிக்க விடவில்லை. "நனையாது பாரு, கறை படியாது பாரு" என்றார். மெத்தையில் கறை படியவில்லை. மூன்றாவது வாரம் அம்மாவின் முதுகடியில் புண் வந்தது. வார்டக்கா பிளேடு எடுத்து உறையைத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஒரே இழுப்பில் கிழித்தாள். புண் ஆற நான்கு மாதம் ஆனது. மெத்தை போய்விட்டதே என்ற சாரின் வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து வார்டக்காவுக்கு ஒரே ஒரு கணக்கு. விரிப்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று சொல்வதெல்லாம் போதாது; வெயிலில் விறைத்து, மடித்தால் சடசடக்க வேண்டும். ஈரவாடை மிச்சமிருக்கும் விரிப்பில் கிழவியின் தோல் ஊறிப் பிய்ந்துவிடும். ஒரு நாளைக்கு நான்கு விரிப்பு. பக்கத்து மூன்று மாடி வீடு வெயிலை மறைத்துவிட்டு மனமிரங்கி விட்டுவைத்தது பின்பக்கத்தில் ஆறு தப்படி நீளமுள்ள ஒரு துண்டு நிலம். காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணிவரை அங்கே வெயில் நிற்கும். அவளுடைய துணிக்கொடியும் அங்கேதான்.

அந்த இடத்தில்தான் புதுசு சாருக்கு மரம் வைக்கத் தோன்றியது.

குடியிருப்போர் சங்கத்தில் சிறந்த வீட்டுத் தோட்டத்துக்குப் போட்டி அறிவித்தார்கள். ஜெயித்த வீட்டு வாசலில் பித்தளைத் தகடு பதிப்பார்களாம். தகட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி வரும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சார் அன்றே பெயர் கொடுத்துவிட்டார். மறுநாள் நர்சரி வண்டியில் பன்னிரண்டு கன்றுகள் வந்து இறங்கின. மா இரண்டு, கொய்யா மூன்று, மாதுளை, எலுமிச்சை, நெல்லி என்று ஒரு தோப்புக்கு வேண்டியவை. ஆறு தப்படி நிலத்துக்குப் பன்னிரண்டு மரம். எல்லாம் பிழைத்து வளர்ந்தால் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

சார் முதலில் துணிக்கொடியை அறுத்தார். பிறகு குழி வெட்ட ஆள் வைத்துப் பன்னிரண்டு குழி வெட்டினார். ஒவ்வொரு குழியருகிலும் ஓர் இரும்புக் குழாயை ஆழமாக அடித்து நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு கன்றாக எடுத்து, கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு, கழுத்தில் தொங்கிய சீட்டோடு, குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளினார்.

வார்டக்கா விரிப்பு வாளியோடு பின்வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பையைக் கிழிக்கலையா?"

"எதுக்குக் கிழிக்கணும்? வேர் கலையாம வந்தது வந்தபடி இருக்கும். இடம் பிடிக்கலைன்னா அலுங்காம தூக்கி வேற இடத்துல வச்சுக்கலாம்."

"வேர் எங்க போகும்ங்க?"

"ஆஸ்பத்திரியில பெட்பேன் எடுத்தவ எனக்குத் தோட்டம் சொல்லித் தரியா? தினம் சாயங்காலம் கன்னுக்கு ரெண்டு வாளி தண்ணி ஊத்து. அது போதும்."

வார்டக்கா வாயை மூடிக்கொண்டாள். முப்பது வருடத்தில் ஒரு தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு அவள் சும்மா இருந்ததில்லை. பெரிய டாக்டர் வேறு ஆளுக்குரிய ஊசியை எடுத்தபோதுகூட, "ஐயா, அது பக்கத்துக் கட்டில்" என்று சொன்னவள். இப்போது சொல்லவில்லை. பை கிழியாவிட்டால் மரம் வளராது. மரம் வளராவிட்டால் வெயில் இருக்கும். ஆகவே சொன்னதைச் சொன்னபடி செய்தாள். கன்றுக்கு இரண்டு வாளி, குறையாமல். களிமண்ணில் தண்ணீர் வடியாமல் பைக்குள்ளேயே நின்றது. ஐந்தாம் நாள் இலைகள் மஞ்சளாயின.

"புது இடம்ல, பழகணும்," என்றார் சார். "இன்னும் ஒரு வாளி சேர்த்து ஊத்து."

ஊற்றினாள்.

கன்றுகள் சாகட்டும் என்று காத்திருக்கலாம். விரிப்புகள் காத்திருக்காதே! சாப்பாட்டு மேசையிலும் நாற்காலி முதுகிலும் கதவு மேலும் விரித்துப் போட்டு மின்விசிறியைச் சுழலவிட்டாள். சோபா மேலே போட சார் விடவில்லை; பிளாஸ்டிக் ஈரமாகிவிடுமாம். வீடு முழுக்க ஊறல் வாடை. ஒன்பதாம் நாள் காலையில் மாமியாரைப் பக்கவாட்டில் புரட்டியபோது முதுகடியில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை.

"என்னடி அமுக்கிட்டே இருக்க? மாவா பிசையுற?"

"பழைய இடத்துலயே வருது அத்தை."

"என்னது?"

"புண்ணு."

மாமியார் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். "அந்த நாலு மாசம் மறுபடி என்னால முடியாதுடி. அவன்கிட்டச் சொல்லு."

சொன்னாள். சார் கன்றுகளுக்கு முன்னால் நின்று, இலைகளில் தூசி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை கமிட்டி வருது. அதுவரைக்கும் பொறு."

"நாலு நாளுங்க. நாலு நாள்ல தோல் பிஞ்சிரும்."

"பவுடர் போடு."

இப்படிப் பதில் சொல்லும் ஆட்களை வார்டக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். பார்வையாளர் நேரத்தில் வந்து, கட்டிலை விட்டு மூன்றடி தள்ளி நின்று, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களிடம் வாதாடி அவள் நேரத்தை வீணாக்கியதில்லை. உள்ளே போய், அறுந்த கொடியை எடுத்து வந்து, இந்தக் கடைசி இரும்புக் குழாயிலிருந்து அந்தக் கடைசி இரும்புக் குழாய்வரை இழுத்துக் கட்டினாள். சார் நன்றாகத்தான் அடித்திருந்தார். நான்கு ஈர விரிப்பைப் போட்டும் குழாய் அசையவில்லை.

அவள் மாமியாரைக் குளிப்பாட்டும் நேரம் பார்த்து சார் அவிழ்த்தார். அவள் மறுபடி கட்டினாள். வியாழனும் வெள்ளியும் இப்படியே போயின. அவர் அவிழ்ப்பார், அவள் கட்டுவாள், கட்டிலை ஒட்டிய ஜன்னலிலிருந்து மாமியார் படுத்தபடியே நேரடி ஒலிபரப்பு செய்வார். "அடியே, வந்துட்டான்! முடிச்சுல கை வச்சுட்டான்! டேய், உன் முதுகுலயா புண்ணு வருது?" தெரு முழுக்கக் கேட்கும். சார் காது கேளாதவர் போலக் கயிற்றைச் சுருட்டுவார். சனிக்கிழமை வார்டக்கா ஆஸ்பத்திரி முடிச்சு போட்டாள். கட்டிலில் துள்ளுகிறவர்களின் கையைக் கட்டும் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். சார் அரை மணி நேரம் நகத்தால் போராடிவிட்டு விட்டுவிட்டார். அன்று இரண்டு மணிவரை விரிப்புகள் வெயிலில் கிடந்தன.

ஞாயிறு காலை சார் கெஞ்சும் குரலுக்கு இறங்கி வந்தார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எடுத்துரு. பத்து மணிக்கு வருவாங்க, பத்தரைக்குப் போயிருவாங்க."

"உங்க அம்மா முதுகுக்கு ஞாயித்துக்கிழமை லீவு இல்லைங்க."

கமிட்டி ஒன்பதரைக்கே வந்துவிட்டது. சங்கத் தலைவர், ஒரு பல் டாக்டரம்மா, கன்றுகளைக் கொடுத்த அதே நர்சரிக்காரர். மூவரும் விரிப்புகளை விலக்கிவிட்டுக்கொண்டு, நாடக மேடைக்குப் பின்னால் நுழைகிறவர்களைப் போல உள்ளே வந்தார்கள். சார் நடுநாயகமாக நின்று ஒவ்வொரு கன்றாக அறிமுகப்படுத்தினார். பல் டாக்டரம்மா மரியாதைக்குத் தலையாட்டினார்.

நர்சரிக்காரர் மட்டும் ஒரு கொய்யாவின் அருகில் குந்தி உட்கார்ந்தார். மஞ்சள் இலையைப் பார்த்தார். தண்டைப் பிடித்து லேசாக மேலே இழுத்தார். கன்று சங்கோஜமே இல்லாமல் பையோடு, சீட்டோடு கையில் வந்துவிட்டது. பையிலிருந்து பழுப்புத் தண்ணீர் அவர் செருப்பில் வடிந்தது.

"என்ன சார் இது? நான் கொடுத்தபடியே இருக்கு?"

சாரின் முகம் மலர்ந்தது. "ஆமா! ஒரு கீறல் விழாம வச்சிருக்கேன். எல்லாமே அப்படித்தான், பாருங்க!" என்று மற்ற பதினொன்றையும் காட்டினார்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "பொறந்தப்ப அவனுக்கு வாங்கின சட்டையையே இன்னும் பிரிக்கலை சார் அவன்!"

பல் டாக்டரம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தலைவர் இருமினார். நர்சரிக்காரர் தொழில் தெரிந்தவர், சிரிக்கவில்லை. "உயிர் இருக்கு. வேர் அழுகிட்டு வருது. இப்பவே பையைக் கிழிச்சு வச்சா பிழைச்சிரும். இன்னும் ஒரு வாரம் போனா ஒண்ணும் தேறாது."

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். சார் வார்டக்காவைப் பார்த்தார். ஏதாவது கெட்டுப்போனால் அந்த வீட்டில் எல்லோரும் பார்க்கிற பக்கம் அதுதான்.

வார்டக்காவின் இடுப்பில் பிளேடு இருந்தது. பிளாஸ்திரி வெட்டுவதற்காக எப்போதும் வைத்திருப்பாள். பன்னிரண்டையும் இங்கேயே கிழித்து வைத்தால் பிழைக்கும். பிழைத்தால் இரண்டு வருடத்தில் வெயில் போய்விடும். கிழிக்காவிட்டால் செத்துப்போகும். இத்தனை நாள் மனத்துக்குள் சாகட்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் 'இப்பவே செய்தால் பிழைக்கும்' என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவளுக்குப் பழக்கமில்லை. முப்பது வருடப் பழக்கம் அப்படி எளிதில் விடுவதில்லை.

வரிசையாக ஒவ்வொரு பையையும் கீறினாள். வேரைச் சுற்றிலும் ஊறிப்போன மண், அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. கறுத்த வேர்களை நறுக்கிவிட்டு, கன்றுகளை நியூஸ்பேப்பரில் சுற்றினாள்.

"ஐயா, நீங்க மூணு எடுத்துட்டுப் போங்க. டாக்டரம்மா, உங்களுக்கு மூணு. அண்ணே, நீங்க மூணு திரும்ப எடுத்துக்குங்க. எங்க வீட்டுல இடம் பத்தாது."

"ஏய், என்ன பண்ற?" என்றார் சார், குரலைத் தாழ்த்தி.

"நீங்கதானே சொன்னீங்க, அலுங்காம தூக்கி வேற இடத்துல வச்சுக்கலாம்னு."

மூவரும் மும்மூன்று கன்றோடு போனார்கள். மிச்சம் மூன்றை வார்டக்கா வெளிச்சுவருக்கு அப்பால், தெருவோரம், தன் கொடிமேல் நிழல் விழாத பக்கமாகப் பார்த்து நட்டாள். பித்தளைத் தகடு எதிர்வீட்டுக்குப் போயிற்று. அந்த வீட்டில் இருப்பது தொட்டியில் ஒரே ஒரு செடி, ஆனால் அந்தத் தொட்டியில் தண்ணீர் வடிய ஓட்டை இருந்தது.

அடுத்த வாரம் மாமியாரின் சிவப்பை அழுத்தியபோது வெளுத்தது. அதற்கடுத்த வாரம் சிவப்பே இல்லை.

தெருவோரக் கன்றுகளில் இரண்டு துளிர்விட்டன. மூன்றாவதைத் தூசி படாமல் காப்பதாகச் சொல்லி சார் தலையோடு ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார், வெந்துபோனது. காலையில் அவர் மிஞ்சிய இரண்டின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். போகிறவர் வருகிறவரிடம், "நான் வச்ச மரம்" என்பார். "வச்சது நீ, அவுத்தது அவ!" என்று ஜன்னல் பதில் சொல்லும். வார்டக்கா இரண்டு பேச்சிலும் கலந்துகொள்வதில்லை. அவளுக்கு விரிப்பு திருப்பிப் போடுகிற வேலை இருக்கிறது.

சமாதானத்துக்கு என்று சார் ஒரு புதுக் கொடி வாங்கி வந்தார். துருப்பிடிக்காத கம்பி, மேலே பச்சை உறை, பாக்கெட்டில் சுருட்டி வைத்தது.

"பிரிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

சார் பாக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இருக்கட்டும். பழசு அறுந்தா பாத்துக்கலாம்."

அது இரும்புக் குழாயின் உச்சியில் பாக்கெட்டோடு தொங்குகிறது. அதற்குக் கீழே பழைய கயிற்றில், ஆஸ்பத்திரி முடிச்சோடு, நான்கு விரிப்புகள் காய்கின்றன.