பசி மறந்த மண்

ஸ்டெல்லா இறந்த செய்தி வந்தபோது நான் ஃபேரர் பார்க்கில் ஒரு கிளினிக்கில், மகளின் இருமலைக் காட்டக் காத்திருந்தேன். ஸ்டெல்லாவின் தங்கை அழைத்தாள். "அக்கா, எங்க ஸ்டெல்லாக்கா காலையில போயிட்டாங்க. தலையில ரத்தக் கசிவாம்." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எனக்கு முன்னால் யாருக்குச் சொன்னார்கள் என்ற கேள்வி. எங்கள் பேராசிரியருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் அழுதேன்.

அவளை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு இது வியப்பாக இருக்காது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாள் முதல் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். இருவரும் ஒரே மண் ஆய்வுக் குழு. வண்டிகளும் ஆலைகளும் விடும் புகையிலிருந்து நைட்ரஜன் மழையோடு காட்டில் இறங்குகிறது. மண்ணில் இருக்கும் கரிமத்தை, அதாவது கார்பனை, அது என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. காட்டுத் தரையைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரித்து, சிலவற்றுக்கு மட்டும் நைட்ரஜன் கலந்த நீரைத் தெளிப்போம். கொசு கடித்து எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். அவளைக் கொசுகூடக் கடிக்காது.

ஒருமுறை லிட்டில் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தமிழில் பேசக் கூப்பிட்டார்கள். வரைபடங்கள் எல்லாம் நான் தயாரித்தவை. நைட்ரஜன் தெளித்த சதுரங்களில் கரிமம் கூடியிருப்பதைக் காட்டியதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"அப்ப லாரிப் புகை காட்டுக்கு நல்லதுன்னு சொல்றியாம்மா?"

நான் அமிலத்தன்மை, நொதி என்று தடுமாறினேன். ஸ்டெல்லா என்னிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"அங்கிள், உங்க வீட்டு ஃபிரிட்ஜ் நிறைஞ்சு வழியுது. ஏன்னா வீட்ல யாருக்கும் பசியே இல்ல. சமைச்சது அப்படியே கெடக்கு. சாப்பாடு மிச்சம்னு சந்தோஷப்படுவீங்களா, டாக்டர்கிட்ட ஓடுவீங்களா?"

"டாக்டர்கிட்டதான் லா!"

"மண்ணுக்கும் அதுதான் அங்கிள். விழுந்த இலையைத் தின்னு மக்க வைக்கிற பூஞ்சைக்குப் பசி போயிடுச்சு. கரிமம் மேலாகக் கெடக்கு, களிமண்ணோட ஒட்டல. நாளைக்குக் கரண்ட் போனா அந்த ஃபிரிட்ஜ் என்னாகும்?"

அரங்கமே சிரித்தது. பிறகு வடையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அவளைத்தான் சுற்றி நின்றார்கள். அந்த ஃபிரிட்ஜ் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று ரயிலில் வீடு வரை நினைத்துக்கொண்டே போனேன்.

குழந்தை பிறந்ததும் நான் வேலையை விட்டேன். தெம்பனிஸில் எங்கள் வீட்டுக்கு அவள் காட்டிலிருந்து நேரே வருவாள்.

"கை கழுவுடி!"

"கழுவிட்டேன் லா. மண்ணுதானே, விஷமா?"

யாரிடமும் போகாத என் மகள் அவள் தோளில் தூங்கிப்போவாள். அதற்கும் எனக்கு வயிறு எரியும். கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் கேட்பாள், "எப்ப வர்றே? உன் சதுரத்துக்கும் நான்தான் தண்ணி ஊத்தறேன்." பாப்பாவுக்குச் சளி என்பேன். "அவளுக்கு என்னைக்குத்தான் சளி இல்ல?" என்பாள்.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் பேராசிரியர் என்னைத் தனியே அழைத்தார். நைட்ரஜன் தெளிப்பதை நிறுத்திவிட்டால், சேர்ந்த கரிமம் தங்குமா, போய்விடுமா? ஸ்டெல்லா கடைசியாகத் தொடங்கிய ஆய்வு அது. பாதியில் நிற்கிறது, ஆள் கிடைக்காவிட்டால் மூடிவிட வேண்டியதுதான். வேறு குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், கேட்கட்டுமா என்றார். "வேண்டாம், நான் போகிறேன்" என்று வாய் முந்திக்கொண்டது. இன்னொருத்தி வந்து ஸ்டெல்லாவின் மண்ணைத் தோண்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தயவுசெய்து யாரும் இதைப் பெருந்தன்மை என்று பாராட்டிவிடாதீர்கள்.

வரும் திங்கட்கிழமை காட்டுக்குப் போகிறேன். மகளை அம்மா பார்த்துக்கொள்வார். இருமல் இன்னும் விடவில்லை. காட்டுக்குள் போனில் சிக்னல் கிடைக்காதே என்ற பயம் வேறு. ஆனாலும் போகிறேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஃபிரிட்ஜை. இனி யாராவது புகை நல்லதா என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். சிரிப்பார்கள். என்னைச் சுற்றி நிற்பார்கள். அது என் தோழி சொன்னது என்று அப்போது நான் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் தாமதித்துத்தான் சொல்வேன். ஆனால் சொல்லிவிடுவேன்.