முதலில் எருமையிடம் சொன்னேன்

எனக்கு வந்திருப்பது பார்க்கின்சன் என்கிற நரம்பு வியாதி. வலது கை தானாக நடுங்கும். வாசற்படியைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பதற்றம் வந்தால் இரண்டும் கூடும். இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டிய எனக்கு வெளியே சொல்லக் கூச்சம். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டே திரிந்தேன்.

மறைத்ததில் ஊர் வேறு முடிவுக்கு வந்துவிட்டது. குடியால்தான் கை நடுங்குகிறதாம். நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவனில்லை. தங்கை வீட்டுக்காரர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மச்சான், திடீர்னு நிறுத்துனா இப்படித்தான் நடுங்கும். காலைல ஒரு மூடி மட்டும் ஊத்திக்கோங்க, நின்னுரும்."

அக்கறையாகத்தான் சொன்னார். நானும் கூச்சத்தில் "சரிங்க" என்றுவிட்டேன்.

அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் நான். சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு, மேளத்துக்குப் பின்னால், எல்லோரும் பார்க்க மண்டபத்துக்குள் நடக்க வேண்டும். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று யோசித்தேன். அதைக் கண்டுபிடித்த மனைவி, டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் மனநல ஆலோசனை சொல்லும் ஓர் அம்மாவிடம் கூட்டிப்போனாள்.

"எதை நெனச்சு ரொம்ப பயப்படறீங்கய்யா?" என்று அந்த அம்மா கேட்டார். நான் மேசைமேல் இருந்த காலண்டரைப் படித்தேன். பள்ளிக்கூடம் போன ஐந்து வருடத்திலும் எதையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மறைக்கப் பாடுபடறதுலயே பாதிப் பதற்றம் வந்துருதுங்கய்யா. நீங்களாவே சொல்லிருங்க, தெனம் ஒருத்தர்கிட்ட. கால் நின்னுட்டா பக்கத்துல யாராவது தாளம் தட்டிப் பாக்கட்டும்" என்றார்.

முதல் நாள் எங்கள் எருமையிடம் சொன்னேன். அது நிதானமாகக் கேட்டுக்கொண்டது.

"எருமையெல்லாம் சேர்த்தியில்லீங்க" என்றாள் பின்னால் நின்ற மனைவி.

மறுநாள் பால் சொசைட்டிக்காரரிடம் சொன்னேன். "அப்படிங்களா, நான் சரக்குன்னு நெனச்சேன்" என்றார். அதோடு எனக்குத் தைரியம் தீர்ந்தது. தங்கை வீட்டுக்காரரிடம் கல்யாணம் வரைக்கும் சொல்லவில்லை.

மண்டப வாசலில் கால் நின்றது. மேளம் உள்ளே போய்விட்டது. பின்னால் சீர் கொண்டு வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டி நின்றார்கள். என் தட்டில் தேங்காய் கடகடவென்று உருண்டது. தங்கை வீட்டுக்காரர் ஓடிவந்து காதில் கேட்டார்: "மச்சான், இன்னைக்கு மூடி ஊத்தலீங்களா?"

"நான் குடிக்கிறவனில்லீங்க மாப்ள. இது நரம்பு வியாதி. கை ஆடும், கால் நின்னுக்கும்."

பதற்றத்தில் குரல் கூடிவிட்டது. மேளக்காரர் அடிப்பதை நிறுத்தியதும் அந்த நேரம்தான். மண்டபம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை மாதம் எதற்குப் பயந்தேனோ அது நடந்தே முடிந்துவிட்டது. இனிப் பயப்பட மிச்சம் ஒன்றுமில்லை.

லாரி கிளம்பலாம் என்றால் கிளீனர் பக்கப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். என் மனைவி என் முதுகில் அப்படியே தட்டினாள். "போலாம், ரைட்."

கால் கிளம்பியது. கிளம்பியது நிற்கவில்லை, குட்டிக் குட்டி அடியாக வேகம் கூடிக்கொண்டே போவதும் இந்த வியாதியில் உண்டு. மேளத்தையும் தாண்டிவிட்டேன். மணமேடை நெருங்கியது.

"ஹோல்டு, ஹோல்டு" என்று மனைவி பின்னால் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். மேடைக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன். மணப்பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் தங்கை வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடுங்கும் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்களுக்குன்னு ஒரு குவாட்டர் வாங்கி வெச்சிருந்தனுங்க மச்சான். இனி நாந்தான் குடிக்கோணுமாட்டம்."

"சரிங்க" என்றேன்.