நோர்வூட் லயத்தில் நான்கு குவார்க்குகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும்போது காலை ஒன்பது மணி. திருச்சி வெயிலில் வளர்ந்த எனக்கு, மழையும் குளிருமாகச் சேர்ந்து பல் கிட்டிவிட்டது. நோர்வூட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். அங்கே தேயிலைத் தோட்ட லயத்துப் பெண் ஒருத்தி அணுவைவிடச் சிறிய துகள்களை ஆராய்கிறாள், அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் தேயிலையப் பாக்கத்தான் வருவாங்க. இது புதுசா இருக்குங்களே."

அந்தப் பெண் சுகந்தினி, கண்டியில் ஆய்வு மாணவி. விடுமுறைக்கு வந்திருந்தாள். லயம் என்ற தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் ஒரே அறையில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி என நான்கு பேர் குடியிருக்கிறார்கள். நான் போன நேரம் வீடே பரபரத்துக் கிடந்தது. புது வீடுகளுக்காகக் குடும்பங்களை எண்ண ஓர் அதிகாரி வருகிறாராம். தனி அடுப்பு இருந்தால் தனிக் குடும்பம், தனி வீடு. இல்லையென்றால் நால்வருக்கும் சேர்த்து ஒன்றுதான். அண்ணிக்கு ஏழு மாதம். அதனால் பக்கத்து வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பை இரவல் வாங்கி, மூலையில் அவளுக்கென்று வைத்து, அதில் பருப்பும் ஏற்றியிருந்தார்கள். நானாக இருந்தால் மூன்று அடுப்பு வைத்திருப்பேன்.

காத்திருந்த நேரத்தில் சுகந்தினி தன் ஆராய்ச்சியைச் சொன்னாள். அணுக்கருத் துகள்களுக்கு உள்ளே இருக்கும் குவார்க்குகள் பெரும்பாலும் இரண்டாகவோ மூன்றாகவோதான் சேரும். எக்ஸ் 3872 என்ற துகளில் நான்கு இருக்கின்றன: இரண்டு குவார்க், இரண்டு எதிர்க்குவார்க். நான்கும் ஒரே கட்டாக இறுகியிருக்கின்றனவா, இல்லை இரண்டு ஜோடிகள் தளர்வாகப் பக்கம் பக்கமாக நிற்கின்றனவா? இருபது வருடங்களுக்கு மேலாக இதுதான் சண்டை. உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. கண்ணிமைக்கும் நேரம்கூட அதற்கு ஒரு யுகம், அதற்குள் சிதைந்துவிடும். சிதைந்து என்னவாகிறது என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு ஜோடிகளாகப் பிரிகிறது. ஆனால் சில சமயம் ஒளித்துகளை உதறிச் சிதையும் விதத்தைப் பார்த்தால், உள்ளே ஓர் இறுகிய கட்டும் இருக்கும்போல் தெரிகிறது.

"ரெண்டும் கலந்துதான் இருக்குன்னு நெனைக்கிறேங்க. ஆனா உறுதியாச் சொல்ல முடியல."

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். சிங்களவர், பொறுமையான மனிதர், தமிழும் பேசினார். இரண்டு அடுப்பையும் பார்த்துத் தலையசைத்தார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் மேடேறி வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. உட்காரவைத்துத் தட்டை நீட்டினார். தன் அடுப்பிலிருந்து சோற்றைப் போட்டார். கை தன்போக்கில் மருமகள் அடுப்புக்குப் போய்ப் பருப்பை அள்ளியது. அண்ணியும் யோசிக்காமல் மாமியார் பக்கத்திலிருந்து தேங்காய்ச் சம்பலை எடுத்து வைத்தாள். சுகந்தினி கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி தட்டையும் அடுப்புகளையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுக் கை கழுவினார். "சாப்பாடு நல்லம், அம்மா. ஆனா ஒரு வீடுதான் எழுத ஏலும்" என்றார். அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அவர் போன பிறகு அம்மாவை யாரும் குறை சொல்லவில்லை. அண்ணி மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா மகளிடம் கேட்டார்.

"ஒன்னோட அந்த நாலும் செதறுனாத்தான் உள்ளுக்குள்ள எப்புடி இருந்துச்சுன்னு தெரியுமா?"

"ஆமாம்மா."

"நாங்க செதறாம இருந்தது தப்பாப் போச்சு."

மாலையில் ஹட்டன் பஸ் ஏறினேன். ஊரில் எனக்கும் என் தம்பிக்கும் அடுத்தடுத்த தெருவில் தனித்தனி வீடு. அவன் வீட்டுச் சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.