வயிற்றுக்குள் ஒரு மருமகள்

ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் நிற்பதற்குள் வெள்ளையம்மாள் குதித்துவிடுவார். கொய்யாக் கூடையைக் கண்டக்டர்தான் இறக்கி வைக்க வேண்டும். அதற்குள் அவர் கை, கதீஜாவின் டீக்கடை ஆணியில் தொங்கும் கழிப்பறைச் சாவியில் இருக்கும். "மருமவ கூப்புடறா, வழி உடுங்க!" என்றால் போதும், டீ குடிப்பவர்கள் கிளாசோடு ஒதுங்குவார்கள்.

மருமகள் வயிற்றுக்குள் இருக்கிறாள். மலைக்கிராமமான வாழவந்தியில் காப்பியும் கொய்யாவும் பயிர் வைத்திருக்கும் இவருக்குப் பெருங்குடல் முழுக்கப் புண் இருந்தது. வருஷக்கணக்கில் இரத்தமாய்ப் போனது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமும் தெரியவே, பெருங்குடலை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை மடித்துப் பையாகத் தைத்து அந்த இடத்தில் வைத்தார்கள். அந்தப் பைதான் மருமகள். நாளாக ஆக, பையின் உட்தோல் பெருங்குடலின் உட்தோலைப் போலவே மாறியது. "இது வழக்கம்தான், பயம் வேண்டாம்" என்றார் சேலத்து டாக்டர் நந்தினி. வெள்ளையம்மாளுக்குக் குஷி தாங்கவில்லை.

"பொறந்த ஊட்டுப் பழக்கத்த உட்டுப்போட்டு, மாமியா ஊட்டுக் கொழம்பு வெக்கக் கத்துக்கிட்டாளுங்க! எம்பையன் கட்டுனவ இன்னும் கத்துக்கல."

ஆனால் அபூர்வமாக அந்தப் பையிலும் புற்றுநோய் வரலாம். அதனால் வருஷம் ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை கிள்ளிச் சோதிக்கிறார்கள். போன சோதனையில் சில செல்கள் சந்தேகமாக இருந்தன. வெறும் அழற்சியா, கெட்டதன் தொடக்கமா என்று சொல்ல முடியவில்லை. மருந்து கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

போனார். முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர், இளநீர் தவிர எதுவும் கூடாது என்பது உத்தரவு. சாயங்காலம் சம்பந்தி வீட்டு வழியாக வந்தவர் கை நனைக்காமல் போக முடியுமா? எங்கள் மலையில் அது அந்த வீட்டுக்கே குறை. விரதமென்றால் சோறுதானே ஆகாது, பழம் ஆகுமே என்று கொய்யாவாகத் தின்று தீர்த்திருக்கிறார். மறுநாள் சோதனைத் திரை முழுக்க விதை. "உள்ள தோப்பு போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டு டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை துணைக்கு நான் போனேன். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான். ஆஸ்பத்திரி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் உபாயம் அவருடையது. முந்தின நாளே மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி, மௌன விரதம் பூண்டுவிட்டார். சாமி காரியம் என்றால் யாரும் பழம் நீட்ட மாட்டார்கள். ஊரே திகைத்தது.

"ஏக்கா, பேசாம எப்படி உசுரோட இருக்க?" என்று கதீஜா மூக்குக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். வெள்ளையம்மாள் கண்ணை உருட்டிவிட்டுச் சாவியைப் பறித்துக்கொண்டார்.

"எந்தச் சாமிக்குங்க விரதம்?" என்றார் கண்டக்டர். வெள்ளையம்மாள் வயிற்றைக் காட்டினார்.

"பளிச்சுனு இருக்கும்மா. சதை எடுத்தாச்சு, ஒரு வாரத்துல சொல்றேன்" என்று மறுநாள் சோதனை முடிந்து டாக்டர் சொன்ன பிறகுதான் அவர் வாய் திறந்தது. மலை ஏறி முடியும்வரை பஸ்ஸில் வேறு யாருக்கும் பேச இடமே கிடைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் பாட்டாகக் கூவி வியாபாரம் செய்தார். "மருமவ பரீச்ச எழுதியிருக்கா கண்ணு, பாஸானா உங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பழம்!" ஆனால் வழக்கமாகக் கடித்து ருசி காட்டுபவர், ஒரு பழத்தைக்கூடத் தன் வாயில் வைக்கவில்லை. கதீஜா அதைக் கவனித்தார்.

டீக்கடையில் நின்றபோதுதான் டாக்டரின் போன் வந்தது. நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"சந்தேகப்பட்டது இல்லம்மா. வெறும் அழற்சிதான், அதுவும் ஆறிடுச்சு. அடுத்த வருஷம் வாங்க."

"பாஸுக்கா, பாஸு!" என்று கதீஜா கரண்டியால் பால் சட்டியில் தட்டிப் பாலைத் தெறிக்கவிட்டார். கூடையிலிருந்து பழங்கள் கைக்குக் கை பறந்தன. வெள்ளையம்மாள் மட்டும் பேசவில்லை. இந்தத் தடவை கயிறும் இல்லை, விரதமும் இல்லை. கொண்டையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி எடுத்தார். புடவைக் கொசுவத்தைச் சற்றே விலக்கி, அடிவயிற்றுக்கு நேராகச் செருகிக்கொண்டார்.