செம்பனைக்குள் நின்றுபோன புள்ளி

நானே கண்டவற்றையும் இருமுறை சரிபார்த்தவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். சரிபார்க்காமல் அனுப்பிய ஒரு புள்ளியால் ஒரு தாயின் சமாதி பறிபோக இருந்தது. அதைப் பார்த்தபின் தோராயமாக எழுத மனம் வரவில்லை. தோட்டத்தின் பெயரை வெளியிட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டனர். அதனால் அது இதில் இல்லை.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.10. மலேசியாவின் மலாக்கா நகரிலிருந்து பேருந்தில் புக்கிட் ரம்பாய் வந்து இறங்கினேன். கட்டணம் இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். தொழிற்சாலைகளை அடுத்த குடியிருப்பில் என் நண்பர் சேகரின் தங்கை வசந்தா வசிக்கிறார். அருகிலுள்ள சுங்கை ஊடாங்கில் பற்றவைப்பு (வெல்டிங்) வேலை செய்யும் சேகர், அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு எனக்கு முன்பே அங்கு வந்திருந்தார்.

அண்ணன் தங்கை இருவரின் தாய் அவர்களின் சிறுவயதில் இறந்து, தோட்டத்து இடுகாட்டில் புதைக்கப்பட்டவர். இடுகாடு இப்போது செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை மரங்களுக்கிடையே புதர் மண்டிக் கிடக்கிறது. தோட்டத்து வரைபடத்தில் அதற்கு இடமில்லை. திங்களன்று முதிர்ந்த மரங்களைத் தள்ள இயந்திரங்கள் இறங்குகின்றன. அன்றே, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள், சமாதியின் இடத்தை எழுத்தில் தந்தால் விட்டுவைப்பது பற்றி யோசிப்பதாக நிருவாகி சொல்லியிருந்தார்.

அண்ணனும் தங்கையும் வகுத்த திட்டம் எளியது. சேகர் தம் இருப்பிடத்தைக் கைப்பேசி வழியே தொடர்ந்து பகிர்வார். சமாதியருகே கால்மணி நேரம் அசையாமல் நிற்பார். புள்ளி எங்கே நின்றுவிடுகிறதோ அந்த இடத்தை வசந்தா வீட்டிலிருந்தே எடுத்து, மலாய் மொழியில் எழுதிவைத்த கடிதத்தோடு தோட்ட அலுவலகத்துக்கு அனுப்புவார்.

2.05. நானும் சேகரும் அவருடைய காரில், அதன் கணக்குப்படி பதினொரு கிலோமீட்டர் கடந்து தோட்டத்து வாயிலை அடைந்தோம். காவற்கூண்டில் பெயர் பதிந்தபின், சேகர் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றினார்.

“உள்ள லைன் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் சார். தேடித் தேடியே பேட்டரி செத்துரும். நாங்கல்லாம் கேட்டுலயே ஃபிளைட் மோட்ல போட்டுருவோம்லா.”

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது கைப்பழக்கம். நானும் தடுக்கவில்லை; எனவே பிழையில் எனக்கும் பங்குண்டு.

2.50. வடிகால் ஒன்றைத் தாண்டியதும் சேகர் நடையைக் குறைத்தார். தாயின் சமாதியில் சிமெண்டு ஈரமாக இருந்தபோது, உடைந்த பீங்கான் தட்டின் நீலப்பூத் துண்டுகளைப் பிள்ளைகள் இருவரும் பதித்தார்களாம். கத்தியால் புல்லை அறுத்துக்கொண்டே போனோம். நீலத்துண்டு பதித்த சமாதி கிடைத்தது. சேகர் குனிந்து மண்ணைத் துடைத்தார். பக்கத்துப் புதரை விலக்கியபோது நீலத்துண்டு பதித்த இன்னொரு சமாதியும் கிடைத்தது.

 சேகர் இரண்டுக்கும் நடுவே நின்று, முன்னரே இறக்கி வைத்திருந்த வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்தார்.

“ஃபிளைட் மோட்ல இருந்தும் புள்ளி நம்மகூடவே நடக்குதே சார்! அப்போ வசந்தாவுக்கும் தெரியும்லா?”

“தெரியாது சேகர். செயற்கைக்கோள் அனுப்புறத இந்தப் போன் வாங்கிக்குது, அதனால நாம நிக்கிற இடம் அதுக்குத் தெரியும். வெளிய அனுப்பத்தான் லைன் வேணும். அதத்தான் நீங்க கேட்டுலயே அடைச்சிட்டீங்க.”

“அய்யய்யோ! அப்போ அவளுக்குப் புள்ளி எங்க நிக்கும்?”

“கேட்டுல.”

சேகர் ஓடத் தொடங்கவில்லை. முதலில் தாள் கேட்டார். அவர் கைப்பேசியிலும் என்னுடையதிலும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்த்து, ஒவ்வொரு சமாதியருகிலும் இருமுறை எழுதினோம். சமாதிகளுக்கு இடையே என் நடையில் ஆறு காலடி தூரம். மரநிழலில் கைப்பேசி தானே ஒப்புக்கொண்ட பிழையோ அதைவிடப் பெரிது, எட்டு மீட்டர்.

3.55. வாயிலுக்கு வெளியே விமானப் பயன்முறையை நீக்கியதும் சேகர் தங்கையை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

“எப்பவோ அனுப்பிட்டேண்ணே! புள்ளி ஒரே இடத்துல அசையாம நின்னுச்சு. நீ அழுதுக்கிட்டு இருப்பன்னு நான் போன்கூடப் பண்ணல.”

“அடிப்பாவி, அது காவக்கூண்டு! கார்டோட கக்கூசுப் பக்கத்துல அம்மாவப் பொதைச்சிட்டியே!”

புள்ளியின் கீழே, கடைசியாகப் புதுப்பித்த நேரம் 2.06 என்று சிறிய எழுத்தில் இருந்ததை வசந்தா அப்போதுதான் படித்துச் சொன்னார். 

“சரி, நம்பரச் சொல்லு. மறுபடி எழுதறேன்.”

“எழுதிக்க. ஆனா ரெண்டு சமாதிலயும் நீலத்துண்டு இருக்கு.”

“ரெண்டா? நம்மளுது எது?”

“தெரியல. அத இந்த மெஷினாலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டையும் போடு. சுத்தி இருபது மீட்டர் விடச் சொல்லு.”

“இன்னொண்ணு யாரோடதுன்னு ஆபீஸ்ல கேட்டா?”

“அதுவும் அம்மாதான்னு எழுதுலா.”

சேகர் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார்; வசந்தா திருப்பிச் சொன்னார்; நான் தாளைப் பார்த்து ஒப்பிட்டேன். ஓர் இலக்கம் மாறியிருந்தது, திருத்தினோம். முந்தைய இடம் தவறு என்ற வரியையும் சேர்த்துத் திருத்திய கடிதம் 4.38க்குப் போயிற்று. 4.52க்கு நிருவாகி, கிடைத்தது என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினார்.

6.15 பேருந்தில் மலாக்கா நகருக்குத் திரும்பினேன். நான் கிளம்பும்போது, திங்கள் விடியுமுன் வாயிலில் போய் நிற்பதென்று இருவரும் பேசிக்கொண்டிருந்தனர்.

ஞாயிறன்று இதை எழுதும்வரை, கடிதம் கிடைத்ததாக நிருவாகி சொன்னாரேயன்றி, இடத்தை விட்டுவைப்பதாகச் சொல்லவில்லை. அந்த எண்கள் இயந்திரம் ஓட்டுபவரிடம் போய்ச் சேருமா என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டு சமாதிகளில் அவர்களுடைய தாய் எதில் இருக்கிறார் என்பது இதுவரை தெரியவில்லை.