கம்பி துடைக்காத ஒரே குழல்

துப்பாக்கி சுடும் கழகத்தில் அவரைக் 'கம்பி' என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். ஆளும் ஒல்லி, கையில் எந்நேரமும் குழல் துடைக்கும் நீளக் கம்பி. இருபத்திரண்டு வருடமாக ஆயுத அறை அவர் பொறுப்பு. இத்தனை வருடத்தில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. கேட்டால், "சத்தம் ஆகாது" என்பார்.

ஈயத் தோட்டா ஒவ்வொரு முறை போகும்போதும் குழலுக்குள் கொஞ்சம் ஈயத்தை ஒட்டிவிட்டுத்தான் போகும். வாரா வாரம் துடைத்தால் அரை மணி வேலை. மாதக்கணக்கில் விட்டால் உள்ளே சுருளாக ஓடும் வரிகளை அது அடைத்துக்கொள்ளும், தோட்டா தன் இஷ்டத்துக்குப் போகும். அதனால் சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு துப்பாக்கியையும் வரிசையாகக் கிடத்தி, தையல் கடையில் வேலை செய்யும் மனைவி கொண்டுவரும் வெட்டுத்துணியை மாட்டி, பின்பக்கமிருந்து முன்பக்கம் ஒரே தள்ளாகத் தள்ளுவார். முன்வாய் வழியாகக் கம்பியை விட்டவன் எவனாக இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்வான். துடைத்து முடித்ததும் ஒவ்வொன்றிலும் தொங்கும் சீட்டில் கையெழுத்து.

பன்னிரண்டாவது துப்பாக்கி அவர் மகளுடையது. ஐந்து மாதத்துக்கு முன் அவள் வரிசையாக மூன்று போட்டி ஜெயித்தாள். "அப்பா, இப்ப நல்லா போகுது. அதைத் தொடாதீங்க" என்றாள். சுடுகிறவர்களுக்கு இந்தக் கிறுக்கு எப்போதும் உண்டு. ஜெயித்த நாளில் போட்ட சாக்ஸைத் துவைக்காத ஆளெல்லாம் அங்கே இருந்தார்கள். மற்றவர்கள் சொன்னால் போடா என்று துடைத்துவிடுவார். மகள் சொன்னதால் தொடவில்லை. சீட்டில் மட்டும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். அங்கேதான் புத்தி பிசகியது.

நான்காம் மாதம் முதல் அவள் குறி சிதறியது. பயிற்சியாளர் மூச்சைக் கவனி என்றார், தோளைக் கவனி என்றார், கடைசியில் மனசுதான் சரியில்லை என்றார். திங்கட்கிழமை அணிப் பட்டியல் போகவேண்டும். அதில் அவள் பெயர் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கம்பிக்கு அதற்கு முன்பே தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக ஈயம். இதை எடுக்க ஒரு முழுநாள் வேண்டும். அலமாரிக்கு இரண்டு பூட்டு, ஒன்றின் சாவி பயிற்சியாளரிடம். துப்பாக்கி நாள் முழுக்க மேசையில் கிடந்தால் ஏன் என்று கேட்பார், சீட்டைப் புரட்டுவார். அதனால் வாயை மூடிக்கொண்டு அலமாரியில் வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் சாப்பாட்டு மேசை அருகே கையை நீட்டி நின்றிருந்தாள். உள்ளங்கையில் நிறையத் தண்ணீர் உள்ள ஒரு டம்ளர். தண்ணீர் ஆடுகிறதா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் இப்படித்தாங்க நிக்கிறா. கை போயிடுச்சாம், இனிமே சுட மாட்டாளாம்" என்றாள் மனைவி.

தண்ணீர் துளிகூட ஆடவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பயிற்சியாளர் முன் சீட்டை வைத்தார். "சார், அவ கையில கோளாறு இல்ல. குழல் முழுக்க ஈயம். அஞ்சு மாசமா நான் துடைக்கல. இதெல்லாம் பொய்க் கையெழுத்து."

பயிற்சியாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடுத்துட்டு வாங்க. சாயங்காலம் அவ சுடட்டும்."

ஈயம் கழற்றும் திரவத்தை ஊற்றி ஊறவிட்டார். வெண்கலப் பிரஷ்ஷால் தள்ளினார், துணியால் தள்ளினார், மறுபடி ஊறவிட்டார். காலையில் வந்த துணிகளில் ஈயம் பொடிப்பொடியாக மின்னியது. நாலு மணிக்கு வந்த துணி வெள்ளையாக வந்தது.

சாயங்காலம் முதல் தோட்டா குறி அட்டையின் ஒரு மூலைக்குப் போனது, இரண்டாவது வேறு மூலைக்கு. பயிற்சியாளர் உதட்டைப் பிதுக்கினார். "புதுசா துடைச்ச குழல் சார், பத்து தோட்டா போனாத்தான் நிதானத்துக்கு வரும்" என்றார் கம்பி. பதினோராவதிலிருந்து ஐந்து தோட்டா. ஐந்து துளையையும் ஒரு கட்டைவிரல் நகம் மறைத்தது.

"பேர் இருக்கட்டும்" என்றார் பயிற்சியாளர். பிறகு கம்பியிடம், "சீட்டுல இனிமே நான் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தொடாதீங்கன்னு நான்தான் சொன்னேன், அது சரி. குழல்தான் காரணம்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

நேற்றுதான் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. "ரெண்டு வாரமா."

அவள் அவர் கையிலிருந்த கம்பியை வாங்கிக்கொண்டாள்.

இப்போது சனிக்கிழமைகளில் அவர் பதினோரு துப்பாக்கி துடைக்கிறார். பன்னிரண்டாவதை அவள் துடைக்கிறாள். வெட்டுத்துணியைக்கூட மனைவி இரண்டு பொட்டலமாகக் கட்டித் தருகிறாள்.