எட்டாவது கிளாஸ்

1991 நவம்பர் 16, சனிக்கிழமை, மாலை 5.50. காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறல். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கேட்டைத் தாண்டி நான்காவது முறையாக நடந்துகொண்டிருந்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

எனக்கு அப்போது அறுபத்தோரு வயது. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. பிராந்தியையும் எண்ணித்தான் குடித்தேன். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், நான்காவது கிடையாது. எண்ணிக் குடிப்பவன் குடிகாரன் ஆகமாட்டான் என்று பத்தொன்பது வருடம் நம்பினேன்.

என் மனைவி நம்பவில்லை. அந்த ஆகஸ்ட் மாதம், "நீங்க எண்ணிக்கிட்டே இருங்க, என்னால முடியல" என்று சொல்லிவிட்டு, கீழ்க்கட்டளையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கூடுவாஞ்சேரி வீட்டில் நான் தனி. மூன்று முறை போய்க் கூப்பிட்டேன். குடியை விட்டால் வருகிறேன் என்றாள். நானாக விட்டுப் பார்த்தேன். அதிகபட்சம் ஆறு நாள்.

கடைசியில் எங்கள் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். குடியை விட நினைப்பவர்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்களாம். போய்ப் பார்த்தால் ஒரு போர்டு கூட இல்லை. யாரிடமாவது வழி கேட்க வேண்டும். கேட்டாலே நான் யார் என்று தெரிந்துவிடும்.

எதிரே டீக்கடை. "இங்கே இந்தி கிளாஸ் நடக்குதாமே?" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

கடைக்காரர் என்னைக் குடையிலிருந்து செருப்பு வரை பார்த்தார். "இந்தி காலையிலயே முடிஞ்சிடும் சார். இப்ப நடக்குறது வேற. பின்பக்கம், கடைசி ரூமு." சொல்லிக்கொண்டே டீ கிளாஸ்கள் அடுக்கிய கம்பிக் கூடையை என் கையில் வைத்தார். "கடைய வுட்டுட்டு வர முடியல. நீங்க அங்கதான போறீங்க? இத்த கையோட எடுத்துகினு போய்டுங்க சார்."

மறுக்கத் தோன்றவில்லை. சொல்லப்போனால் நிம்மதியாக இருந்தது. டீ கொண்டுவந்தவனாக உள்ளே போய், வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூடையை வைத்ததும் பழக்கதோஷத்தில் எண்ணினேன். எட்டு கிளாஸ்.

"ஒரு டீ அதிகமா இருக்கு. கடைக்காரர் தப்பா அனுப்பிட்டார். திருப்பிக் கொடுத்துடறேன்" என்றேன்.

மூக்குக்கண்ணாடி போட்டிருந்தவர், "தப்பில்ல சார். வாரா வாரம் ஒண்ணு சேர்த்துதான் சொல்றோம். புதுசா யாராவது வந்தா அவருக்கு" என்றார்.

"வரலைன்னா?"

"ஆறிடும்."

"எத்தனை வாரமா ஆறுது?"

"பதினாலு."

காக்கிச் சட்டை போட்ட ஆட்டோ டிரைவர் ஒருவர் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். "இன்னா சார், ஆடிட் பண்ண வந்தியா? குந்து. இதுவும் ஆறிடப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். ஊர், பேர், வேலை எதையும் யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஆட்டோ டிரைவரின் முறை வந்தது. "நானும் கணக்கா மூணு கிளாஸ்தான் அடிப்பேன். கிளாஸத்தான் மாத்திகினே போவேன்" என்றார். மறுபடியும் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் காபி டம்ளர். பிறகு மோர் குடிக்கும் பெரிய டம்ளர். அந்த வருடம் தண்ணீர்ச் செம்பு. பத்தொன்பது வருடத்தில் எண்ணிக்கை ஒரு நாளும் தப்பவில்லை. எதில் ஊற்றுகிறேன் என்பதை மட்டும் நான் பார்க்கவே இல்லை.

என் முறை வந்தபோது, "எனக்கும் மூணுதான்" என்றேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஆட்டோ டிரைவர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். டீ பாதி ஆறியிருந்தது. குடித்தேன்.

அன்றோடு விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நடுவில் இரண்டு முறை தவறினேன். இரண்டு முறையும் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஒன்றிலிருந்து நாளை எண்ணத் தொடங்கினேன். அடுத்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் மனைவி வந்தாள். பையைக் கீழே வைக்காமல் நேரே சமையலறைக்குப் போய், டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"செம்பு எங்க?"

"பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டுட்டேன்."

பையைக் கீழே வைத்துவிட்டு உலை வைத்தாள்.

இப்போது சனிக்கிழமைகளில் டீ சொல்வது என் பொறுப்பு. ஒன்று சேர்த்தே சொல்கிறேன். முக்கால்வாசி வாரம் அது ஆறித்தான் போகிறது. ஒரு தீக்குச்சி வீணானாலும் புலம்புகிறவன் நான், அதற்கு மட்டும் புலம்புவதில்லை. மாலை ஆறு மணி ஆனால் இன்னமும் நாக்கு தேடுகிறது. அலுப்பாகத்தான் இருக்கிறது. அலுப்போடே ரயில் ஏறித் தாம்பரம் போகிறேன்.

அப்போது ஒரு டீ எழுபத்தைந்து காசு. ஆறிப்போனது பதினான்கு, நான் குடித்தது ஒன்று. முகம் தெரியாத ஏழு பேர் எனக்காகக் காத்திருந்த செலவு, பதினொரு ரூபாய் இருபத்தைந்து காசு.